குற்றம் பாட்டிலா, பத்திரத்திலா?

பாட்டைக் கேட்டுவிட்டுப் பழிப்பவர் உண்டு. கேளாமலே பழிப்பவரும் உண்டு. இவ்விரு சாராரையும்விட விந்தையான மூன்றாம் சாரார் ஒருவர் உளர். பாட்டைப் பத்து முறை கேட்டும் அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும், விளங்காத அந்தச் சொல் கட்டாயம் ஆபாசமாகத்தான் இருக்கவேண்டும் என்று சத்தியம் செய்வார்கள். முதற் சாராரோடு வாதாடலாம். இரண்டாம் சாராரை உட்காரவைத்துக் கேட்கச் செய்யலாம். இந்த மூன்றாம் சாராரை என் செய்வது?

இத்தகையோர் காப்பிக்கடை மேசையில் அமர்ந்து பேசினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தால் சிரிக்க முடியாது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவ்வாறு ஒன்று நடந்தது. 1964 தொடங்கி 1966 வரையில் அந்நாட்டின் கூட்டரசுப் புலனாய்வுத் துறை, இளைஞர் சிலர் பாடிய ஒரு ராக் இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன சொல் ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. பாட்டின் பெயர் 'லூயி லூயி'. பாடியவர்கள் 'கிங்ஸ்மென்' என்னும் குழுவினர்.

அறுபது ஆண்டுக்கு முந்திய கதையை இன்று எதற்காகக் கிளறவேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். இரண்டு காரணங்கள் உண்டு. இளைஞர் பாட்டைக் கேளாமலே கழுவேற்றும் நீதிபதிகள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பது ஒன்று. அவ்வழக்கில் அநீதி ஒன்று மெய்யாகவே நடந்தது, அதை எந்த அதிகாரியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. அநீதி பாட்டிலே இல்லை. பாட்டை விலைபேசிய பத்திரத்திலே இருந்தது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டின் பிறப்பு

பாட்டை ஆக்கியவர் கிங்ஸ்மென் அல்லர். ரிச்சர்ட் பெர்ரி என்னும் கறுப்பினத்தவர். 1935-இல் லூசியானா மாநிலத்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பாடத் தொடங்கிப் பிறர் பெயரில் வெளிவரும் தட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர். 1954-இல் 'ராபின்ஸ்' குழுவின் பெயரில் வெளிவந்த சிறைக்கலகப் பாட்டு ஒன்று புகழ் பெற்றது; அதில் முன்நின்று ஒலிக்கும் கனத்த குரல் பெர்ரியுடையது. தட்டின் முகப்பில் அவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு எட்டா ஜேம்ஸ் என்னும் பாடகிக்குப் பேர் வாங்கித் தந்த முதல் தட்டில், அவருக்கு மறுமொழி கூறும் ஆண்குரலும் பெர்ரியுடையதே. அங்கும் பெயர் இல்லை. உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்னும் வழக்கத்தை அவர் இருபது வயதிற்குள்ளேயே கண்டுகொண்டார்.

1955-இல் ஒருநாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரத்து நடன மண்டபத்தில் தம் முறைக்காகக் காத்திருந்தார். கியூபா நாட்டு இசைஞர் ரெனே டூசே பரப்பிய 'எல் லோகோ சா சா' என்னும் ஆட்ட இசையை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதன் தொடக்கத்தில் விட்டு விட்டு ஒலிக்கும் தாளக்கட்டு பெர்ரியின் நெஞ்சில் பதிந்தது. கைக்கு அகப்பட்ட காகிதத்தில் அப்பொழுதே சொற்களை எழுதிக்கொண்டதாக அவரே பின்னாளில் கூறினார்.

அச்சொற்களின் பொருள் யாது? கடலோடி ஒருவன் மதுக்கடையில் அமர்ந்திருக்கிறான். கடையில் மது ஊற்றுபவன் பெயர் லூயி. ஜமைக்காத் தீவில் தனக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி அவனிடம் கூறுகிறான். கப்பலேறிச் சென்று அவளைக் காணவேண்டும், இனித் தாமதியாது புறப்படவேண்டும் என்கிறான். பாட்டு முழுவதும் இவ்வளவே.

வினைமுடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனை நோக்கித் தன் ஏக்கத்தைக் கூறும் முல்லைப் பாட்டுகளைப் படித்தவர்களுக்கு இத்துறை புதியதன்று. தேருக்கு ஈடாகக் கப்பல் வந்திருக்கிறது. பாகனுக்கு ஈடாக மது ஊற்றுபவன் வந்திருக்கிறான். அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை; கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பெர்ரி சங்க நூலைக் கண்டவரல்லர். பிரிந்து போனவன் வீட்டை நினைக்கும்போது எந்த நாட்டிலும் இப்படித்தான் பேசுவான் என்பதற்கு இஃதொரு சான்று. கடல் கடந்து பிழைக்க வந்தோரின் வழிவந்த நமக்கு இவ்வேக்கத்தைப் பிறர் விளக்கவேண்டியதில்லை. இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது?

1957-இல் 'பிளிப்' என்னும் சிறு நிறுவனம் இப்பாட்டைத் தட்டில் பதித்து வெளியிட்டது. முன்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்று. லூயி லூயிக்குப் பின்பக்கமே கிடைத்தது. ஆயினும் கேட்டவர்கள் பின்பக்கத்தையே விரும்பினார்கள். மேற்குக் கரையில் ஓரளவு விற்ற பின் அது மறைந்தது.

அந்நாட்களில் பெர்ரிக்குத் திருமணம் வந்தது. கையில் பணமில்லை. லூயி லூயியையும் தாம் எழுதிய வேறு சில பாட்டுகளையும் சேர்த்து அவற்றின் பதிப்புரிமையை நிறுவனத்தின் முதலாளிக்கு எழுதிக்கொடுத்தார். பெற்ற தொகை 750 அமெரிக்க வெள்ளி. அன்பர்கள் இந்த 750 என்னும் எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் அதனிடம் வருவோம்.

விளங்காத குரல்

மறைந்த பாட்டு வடமேற்கில் முளைத்தது. வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் ராபின் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர், விற்காத தட்டுகளை மலிவு விலைக்குப் போட்டிருந்த பெட்டியிலிருந்து அதனைக் கண்டெடுத்தார். 1961-இல் 'வெய்லர்ஸ்' குழுவின் இசையோடு அவர் பாடிய தட்டு வெளிவந்தது. அதன்பின் அவ்வட்டாரத்து இளைஞர் குழு ஒவ்வொன்றும் அதைப் பாடியது. அதில் வருபவை மூன்றே சுரக்கூட்டுகள். கித்தார் கற்கத் தொடங்கிய சிறுவனும் ஒரு மாலைப்பொழுதில் பிடித்துக்கொள்ளலாம். எளிமையைக் கண்டு ஏளனம் செய்வோர் செய்க. தாலாட்டும் எளியதே, கும்மியும் எளியதே. பலர் கூடிப் பாடுவதற்கென்று பிறந்த பாட்டு எளியதாக இருப்பது அதன் குறையன்று.

1963 ஏப்ரலில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், கிங்ஸ்மென் குழுவினர் சுமார் 50 வெள்ளிச் செலவில் அதைப் பதிந்தார்கள். ஒலிவாங்கி பாடுபவர் வாய்க்கு எட்டாத உயரத்தில் கூரையின் பக்கமாகத் தொங்கியது. பாடிய ஜாக் ஈலிக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தது. தலையை அண்ணாந்து, சுற்றிலும் முழங்கும் கருவிகளை மீறிக் கத்திக் கத்திப் பாடினார். இடையிலே, பாடத் தொடங்கவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வாயெடுத்து, பிழையை உணர்ந்து நிறுத்தினார். முரசறைந்தவர் கோலை ஓட்டி அதைச் சமாளித்தார். திருத்தி மீண்டும் பதிவதற்குப் பணமுமில்லை, நேரமுமில்லை. பிழையோடு தட்டு வெளிவந்தது.

இதுவே மர்மத்தின் முழு விளக்கம். சொல் விளங்காமைக்குக் காரணம் உயரத்தில் தொங்கிய ஒலிவாங்கியும், பல்லில் கட்டிய கம்பியும், கையிலில்லாத காசும் ஆகும். சதியுமில்லை, மறைபொருளுமில்லை.

போஸ்டன் நகர வானொலி அறிவிப்பாளர் ஒருவர், அந்த வாரத்தின் மிக மோசமான தட்டு இதுவே என்று ஏளனம் செய்து ஒலிபரப்பினார். கேட்டவர்கள் ஏளனத்தைத் தள்ளிவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1963 டிசம்பரில் 'பில்போர்ட்' இதழின் வரிசையில் அது இரண்டாம் இடத்திற்கு ஏறி ஆறு வாரம் அங்கே நின்றது. விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது.

அந்த டிசம்பரில் முதலிடத்தில் இருந்த பாட்டு எது? பெல்ஜியம் நாட்டுக் கன்னியாஸ்திரீ ஒருவர் பாடிய 'டொமினிக்' என்னும் பாட்டு. அது பிரெஞ்சு மொழியிலானது. வாங்கிக் கேட்ட அமெரிக்கரில் பெரும்பாலோருக்கு அதிலும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆயினும் அதில் ஆபாசம் இருக்குமோ என்று ஒருவருக்கும் ஐயம் எழவில்லை! விளங்காத சொல் கன்னியாஸ்திரீ வாயிலிருந்து வந்தபோது பக்தியாயிற்று. விளங்காத சொல் இளைஞன் வாயிலிருந்து வந்தபோது காமமாயிற்று. எனவே அவர்கள் தீர்ப்புக் கூறியது சொல்லைக் கேட்டன்று, பாடியவரைப் பார்த்தே என்பது இதனாற் புலப்படும்.

அரசாங்கம் காது கொடுத்தது

இளைஞர் கூட்டத்தில் வதந்தி பிறந்தது. தட்டை மெதுவாகச் சுழலவிட்டால் கெட்ட சொற்கள் கேட்கும் என்றார்கள். மாணவர்கள் அச்சொற்கள் இவையே என்று தாமே எழுதிப் படியெடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். ஓர் ஊர்ப் படி மற்றோர் ஊர்ப் படியோடு ஒத்திருக்கவில்லை. பழஞ்சுவடிகளில் பாடபேதம் உண்டு. அவற்றுக்கு மூலம் என ஒன்று இருக்கும். இங்கே மூலமே இல்லாமல் பாடபேதங்கள் மட்டும் பெருகின. பையன்களின் கற்பனையில் பிறந்த அழுக்கைப் பெரியவர்கள் பாட்டின் மேல் ஏற்றினார்கள்.

1964 ஜனவரியில் இந்தியானா மாநிலக் கவர்னர் மாத்யூ வெல்ஷ், அத்தட்டைக் கேட்டபோது தம் காது கூசியதாகக் கூறி, அதனை ஒலிபரப்ப வேண்டாம் என்று மாநில ஒலிபரப்பாளர் சங்கத்தைக் கேட்டுக்கொண்டார். விளங்காத ஓசையால் காது கூசுவதற்குத் தனித்திறமை வேண்டும். அது கவர்னர் பெருமானுக்கு வாய்த்திருந்தது. அதே காலத்தில் பெற்றோர் ஒருவர் நாட்டின் சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். புலனாய்வுத் துறை களத்தில் இறங்கியது.

பல நகரத்துக் கிளைகள் எழுதிக்கொண்டன. ஆய்வுக்கூடத்திற்குத் தட்டை அனுப்பினார்கள். விரைவாகச் சுழற்றிக் கேட்டார்கள். மெதுவாகச் சுழற்றிக் கேட்டார்கள். தொடர்புடைய பலரை விசாரித்தார்கள். நூறு பக்கத்துக்கு மேல் கோப்பு வளர்ந்தது. இரண்டாண்டுக்கு மேல் உழைத்து அவர்கள் கண்ட முடிவு யாதெனில், எந்த வேகத்தில் சுழற்றினும் இத்தட்டில் சொல் விளங்கவில்லை என்பதே. இந்த முடிவை முதல்நாள் கேட்ட எந்தச் சிறுமியும் செலவில்லாமல் சொல்லியிருப்பாள்.

அவர்கள் விசாரியாத ஒருவர் மட்டும் இருந்தார். அவர்தாம் பாடிய ஜாக் ஈலி! பாட்டு புகழடைவதற்கு முன்பே அவர் குழுவை விட்டு விலகியிருந்தார். குழுவின் பெயரைத் தம் உரிமையாகப் பதிந்துகொண்ட மற்றோர் உறுப்பினர், ஈலியின் குரலுக்கு உதடசைத்துத் தொலைக்காட்சியில் தோன்றினார். எந்த வாயிலிருந்து சொல் வந்தது என்று ஐயமோ, அந்த வாயைத் தவிர மற்ற வாய்களையெல்லாம் கேட்டு முடித்துக் கோப்பை மூடினார்கள்.

வேடிக்கை இன்னும் ஒன்று உண்டு. முரசறைந்தவருக்குக் கோல் தவறியபோது அவர் பின்னணியில் கத்திய வசைச்சொல் ஒன்று மெய்யாகவே அத்தட்டில் பதிந்திருக்கிறது என்பர். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆபாசம் தேடிப் புறப்பட்ட படை அதனைக் கவனிக்கவே இல்லை. தேடியவர்கள் பாட்டைக் கேட்டிருந்தால் அல்லவா அது காதில் விழும்?

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஆராயாமல் தீர்ப்பளித்தான். எனினும் கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளே இருந்த மணியைக் காட்டியவுடன் தன் பிழையை உணர்ந்தான். உணர்ந்த கணத்திலேயே உயிரை விட்டான். பிழை செய்தும் அவன் பெரியவனாக நிற்பதற்கு அதுவே காரணம். இக்காலத்து அதிகாரிகளிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. 'தவறாக நினைத்துவிட்டோம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

கேளாத கேள்வி

இது நிற்க. இப்பொழுது அந்த 750-க்கு வருவோம்.

புலனாய்வாளர்களின் மேசையில் பாட்டின் சொற்கள் இருந்தன. பாட்டின் தட்டு இருந்தது. அத்தட்டை லட்சக்கணக்கானவர் வாங்கினார்கள் என்பது நாடறிந்த செய்தி. அதை எழுதியவர் ஒரு விருந்தின் செலவுக்காகத் தம் பங்கை விற்றுவிட்டார் என்பது மட்டும் எவரையும் உறுத்தவில்லை. கவர்னரின் காது இதற்குக் கூசவில்லை. பெற்றோர் எவரும் இதுபற்றிக் கடிதம் எழுதவில்லை. கேளாத சொல்லுக்கு இரண்டாண்டு விசாரணை. எழுத்தில் இருந்த ஒப்பந்தத்துக்கு ஒரு நாள் விசாரணையும் இல்லை. ஒழுக்கம் என்றால் காமத்தைப் பற்றியது மட்டும், கூலியைப் பற்றியது அன்று என்று இவர்களுக்கு யார் கற்பித்தார்கள்?

'அவராகத்தானே விற்றார்? கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்களா?' என்று கேட்போர் உண்டு. வாங்கவில்லை என்பது உண்மையே. சட்டப்படி அது நேரான விற்பனைதான். விலை பேசியபோது பாட்டு மறைந்து கிடந்தது என்பதும், முதலாளியும் அதன் எதிர்காலத்தை அறிந்திருக்க முடியாது என்பதும் உண்மையே. இவற்றை மறைத்து வாதாட நாம் விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கல்யாணச் செலவுக்கு 750 வெள்ளி தேடி அலைபவனும், அதனைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருபவனும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுகிறார்களா? ஒருவன் காத்திருக்க முடியும், மற்றவன் முடியாது. காத்திருக்க முடிந்தவன் சொல்வதே விலை. முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்த கதைகளைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த அன்பர்களுக்கு இதை நீட்டி விளக்கவேண்டியதில்லை. கையெழுத்து மனமொப்பியது என்பார்கள். வயிறு ஒப்பியது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

விதி ஒருவருக்கு மட்டும் என்றிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அக்காலத்து அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களிடமிருந்து சிறு தொகைக்குப் பாட்டுகளை வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். தட்டு நிறுவனங்களுக்குச் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பாடுவோருக்கு இல்லை. வெள்ளை இளைஞர்களான கிங்ஸ்மெனும் இவ்வலையிலிருந்து தப்பவில்லை. தங்கள் குரலும் கருவியும் ஒலித்த தட்டுக்குரிய பங்கு தங்களுக்கு வரவில்லை என்று 1993-இல் அவர்களும் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 1998-இல்தான் மூலப்பதிவுகளின் உரிமை அவர்களுக்கு உறுதியாயிற்று. நிறவேறுபாடு பெர்ரியின் சுமையைக் கூட்டியது; ஆனால் பத்திரத்தின் பசி நிறம் பார்ப்பதில்லை.

'பெர்ரியும் கியூபாக்காரரின் தாளத்தை எடுத்துக்கொண்டவர்தாமே?' என்பது மற்றொரு வாதம். ஆம், எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டதைத் தம் வாயாலேயே பலமுறை சொன்னார். ஒரு தாளத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்து அதன்மேல் வேறொரு பாட்டைக் கட்டுவது இசையுலகில் என்றும் உள்ள வழக்கம். அதனால் இசை வளர்கிறது. விருந்தாளி நம் வீட்டுச் சமையலைக் கற்றுக்கொண்டு போவது போன்றது அது. வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டு சமைத்தவரை வெளியே நிறுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது வாதமன்று.

இனி, நம் மதிப்புக்குரிய பெற்றோர் கூறக்கூடிய மறுப்பு ஒன்றிருக்கிறது. 'பிள்ளை என்ன கேட்கிறான் என்று கவலைப்படுவது குற்றமா?' என்பார்கள். குற்றமன்று, கவலைப்படாதவர் பெற்றோரல்லர். அந்த அமெரிக்கத் தந்தைமாரும் தாய்மாரும் கெட்ட எண்ணத்தோடு கடிதம் எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மகளைக் கேட்பதற்கு முன் மந்திரியைக் கேட்டார்கள். 'இதில் என்னம்மா பாடுகிறார்கள்? எனக்கு விளங்கவில்லையே' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால், தனக்கும் விளங்கவில்லை, தாளம்தான் பிடித்திருக்கிறது என்று அவள் சிரித்திருப்பாள். வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிடத்தில் தீரவேண்டிய ஐயம், நாட்டின் தலைநகருக்குச் சென்று இரண்டாண்டு அலைந்தது. கவலை பிள்ளையின் பக்கம் திரும்பினால் அன்பாகும். அதிகாரியின் பக்கம் திரும்பினால் அது புகார்.

காலம் அளித்த தீர்ப்பு

அடக்க முயன்ற பாட்டு அடங்கியதா? இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்களில் அது பதியப்பட்டது. 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கல்லூரி வானொலி நிலையம் ஒன்று 63 மணி நேரம் இடைவிடாமல் அப்பாட்டின் வெவ்வேறு வடிவங்களையே ஒலிபரப்பியது. 1985-இல் அதனை வாஷிங்டன் மாநிலத்தின் பாட்டாகவே ஆக்கவேண்டும் என்ற கோரிக்கையும் கிளம்பியது. அந்த ஆண்டுகளில் பாட்டை எழுதிய பெர்ரி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அரசாங்க உதவித்தொகை பெற்றுத் தாயாரின் வீட்டில் இருந்தார். நாடெல்லாம் அவர் பாட்டு, அவருக்கு உதவித்தொகை!

1980-களின் நடுவில் நிலைமை மாறியது. மதுபான நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்துக்காக அப்பாட்டைக் கேட்டு வந்தது. அதையொட்டிக் கலைஞர்களின் உரிமைக்காக உழைக்கும் வழக்கறிஞர் ஒருவர் பெர்ரியைத் தேடிப்பிடித்து வந்து உதவினார். உரிமை வைத்திருந்தோர் இணங்கினர். பாட்டின் பங்கு அதனை எழுதியவரிடம் திரும்பியது. பெர்ரி செல்வரானார். 1997 ஜனவரியில் அவர் காலமானபோது தம் பாட்டுக்கு உரியவராகவே காலமானார்.

முடிவு இனிதாயிற்று என்று சிலர் மனம் ஆறலாம். நமக்கு ஆறவில்லை. இருபதுகளில் வரவேண்டிய கூலி ஐம்பதில் வந்தது. அதுவும் நீதி தேடிக்கொண்டு வந்ததன்று. மது விற்பவர்களுக்குப் பாட்டு வேண்டியிருந்ததால் வந்தது. அந்த விளம்பரம் எழாதிருந்தால்? அவரைப்போல் எழுதிக்கொடுத்துவிட்டு, விளம்பரமும் வராமல், வழக்கறிஞரும் வராமல் மறைந்துபோனவர்கள் எத்தனை பேர்? ஒருவருக்கு விழுந்த அதிர்ஷ்டத்தைக் காட்டி ஊருக்கெல்லாம் நீதி கிடைத்ததாகச் சொல்வது ஏமாற்று.

ஆபாச வேட்டைக்காரர்கள் மட்டும் மாறவே இல்லை. 2005-இல் மிச்சிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பர் நகரில், பள்ளி வாத்தியக் குழுப் பிள்ளைகள் ஊர்வலத்தில் இப்பாட்டை வாசிக்கக்கூடாது என்று பள்ளிகளின் மேலதிகாரி தடுத்தார். பிள்ளைகள் அதைப் பாடப்போவதில்லை. ஊதுகுழலிலும் முரசிலும் வாசிக்கப்போகிறார்கள், அவ்வளவே. சொல்லே இல்லாத இசையிலும் கெட்ட சொல் கேட்டது! பெற்றோர் பிள்ளைகளின் பக்கம் நின்றார்கள், தடை நீங்கியது. நாற்பது ஆண்டுக்கு முன் கடிதம் எழுதிய பெற்றோருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு, இவர்கள் பாட்டைக் கேட்டிருந்தார்கள் என்பதே.

அன்பர்களே! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பாட்டிமார் நாவிலுள்ள பழமொழி. தீர விசாரிப்பது என்றால் சந்தேகப்பட்டதை மட்டும் நோண்டிக்கொண்டிருப்பதன்று. எதைச் சந்தேகிக்க மறந்தோம் என்றும் பார்ப்பது. நாளை உங்கள் மகனோ மகளோ உங்களுக்கு விளங்காத ஒரு பாட்டை வீட்டுக்குள் கொண்டுவரலாம். அதன் பொருள் என்னவென்று அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டபின் பிடிக்கவில்லையானால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அத்தோடு நின்றுவிடாமல் மேலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எழுதியவர் யார்? அவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா?

இவ்விரண்டு கேள்வியையும் 1964-இல் ஒரே ஓர் அதிகாரி கேட்டிருந்தால், ரிச்சர்ட் பெர்ரி இருபது ஆண்டு முன்னதாகவே நிமிர்ந்து நின்றிருப்பார்.